இடது சீட்டில் ஒரு பக் நாய்

நாற்பதடி டிரெய்லர் ஓட்டுகிறவன் நாய் வளர்த்தால் ராஜபாளையமோ அல்சேஷனோ வளர்க்க வேண்டும். பார்த்ததும் எதிராளிக்குக் கொஞ்சம் பயமாவது வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பக். என் முழங்காலுக்குக் கீழே நிற்கிற உயரம். நசுங்கின மூக்கு, நெற்றியில் மடிப்பு மேல் மடிப்பு, பரீட்சையில் கோட்டை விட்டு வந்தது போல ஒரு முழி.

என் மனைவி வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த விலை ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள். கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, முதலாளியின் குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருப்பதாக முடிவு செய்தது. வீட்டுச் சாமானெல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. ஐந்து வயதான அந்த நாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. "நான் எடுத்துக்கறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். எனக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான், போனில். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பழகவில்லை. அது தெரிந்ததால் நான் பெரிதாகச் சண்டை போடவில்லை. மெட்ரோவில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பதால், கட்டைப் பைக்குள் வைத்துத் தலை மட்டும் வெளியே தெரிய, ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாள்.

பழைய வீட்டில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. மனைவி பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள், அதுவே நிலைத்தது. நான் கொஞ்ச நாள் பேரே சொல்லாமல் சமாளித்தேன். "ஏ, தள்ளு" என்பேன். அது தள்ளாது. என் கால் கட்டைவிரல் மேலே தாடையை வைத்துக்கொண்டு குறட்டை விடும். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குறட்டை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் இருப்பது மாடியில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, வெளியே பாத்ரூம். மார்கழியில் நன்றாக இருக்கும். சித்திரையில் பத்து மணிக்கு மேல் ஷீட் கொதிக்க ஆரம்பித்தால் ஃபேன் காற்றே அடுப்பு ஊதுகிற மாதிரி இறங்கும். நாங்கள் இத்தனை வருஷம் அதில் இருந்து பழகியவர்கள். வேர்த்தால் துடைத்துக்கொள்வோம், இல்லையென்றால் இரண்டு சொம்பு தண்ணீர் மேலே ஊற்றிக்கொள்வோம். நாய்க்கும் அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அது வந்த பிறகு வந்த முதல் கோடையில் ஒரு நாள், எனக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், கரண்ட் போய் உடம்பெல்லாம் நனைந்து விழித்தேன். பாப்பாவை இடத்தில் காணோம். பாத்ரூம் வாசலில், ஈரம் காய்ந்துபோன சிமென்ட்டில் நான்கு காலையும் பரப்பிக் கிடந்தது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி, நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. வாயிலிருந்து கோந்து போல எச்சில். "ஏய்" என்றேன். எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் நிற்கவில்லை, அப்படியே சரிந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து, இருந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலையெல்லாம் எடுத்து அதன் தலையிலிருந்து ஊற்றினேன். வாயைப் பிளந்து தண்ணீர் விடப் பார்த்தேன். அது இருமியது. பயந்துபோய் ஈர டர்க்கி டவலில் இறுக்கிச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன். லுங்கியோடு, சட்டை பட்டன் போடாமல். ஆட்டோவில் ஏறும்போதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். டவலை உருவி எறிந்தார். பாப்பாவை மேஜையில் கிடத்தி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் விட்டு, ஃபேனை நேராகத் திருப்பினார். ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐஸ் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமாங்க டாக்டர். சூடு தணியட்டும்னு."

"ஐஸ் வைக்கக் கூடாது. ரத்தக் குழாய் சுருங்கிக்கும், உள்ள சூடு உள்ளயே நின்னுடும். ஈரத் துணியால சுத்தி மூடவும் கூடாது. சாதாத் தண்ணி, காத்து, ரெண்டும் போதும். மயங்கிக் கிடக்கறப்ப வாயில தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்."

நான் தலையை ஆட்டினேன்.

"நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு அப்படிக் கிடையாது, மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கும். இந்த ஜாதிக்கு மூக்கே சப்பை, மூச்சு போற வழியே குறுகல். வீட்ல எங்க வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். ஷீட் வீடு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "பகல்ல அங்க விட்டீங்கன்னா இன்னொரு தடவ நான் காப்பாத்த முடியாதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

சாயந்திரம் மனைவி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு அதன் நெற்றி மடிப்பைத் தடவினாள். பிறகு, "உன் வண்டியில ஏசி கீதில்ல?" என்றாள்.

இருந்தது. அந்த வருஷம்தான் கம்பெனியில் எனக்குப் புது வண்டி கொடுத்திருந்தார்கள். கேபினில் ஏசி. எங்கள் இரண்டு குடும்பத்திலும், அவள் அண்ணன் தம்பிகளையும் சேர்த்து, ஏசி என்று ஒன்று இருந்தது என் லாரியில் மட்டும்தான்.

"லாரில நாயை ஏத்திக்கினு போனா சிரிப்பானுங்கடி."

"சிரிக்கட்டும். உனுக்கு இன்னா, பொண்ணு பாக்கவா போற?"

இப்படியாகப் பாப்பா என் இடது பக்க சீட்டுக்கு வந்தது. வண்டி ஓடும்போது பிரச்சினையே இல்லை. ஏசி காற்று நெற்றி மடிப்பில் படும்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மணலி ரோட்டை ஏதோ தானே வாங்கிப் போட்ட மாதிரி பார்த்துக்கொண்டு வரும். தொல்லை, வண்டி நின்றால்தான். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை நிற்போம். அது ஒரு மணி நேரமும் ஆகும், அரை நாளும் ஆகும். நின்ற வண்டியில் இன்ஜின் ஓடினால் ஜிபிஎஸ்ஸில் ஆபீசுக்குத் தெரிந்துவிடும், டீசலுக்குக் கேள்வி வரும். இன்ஜினை நிறுத்தினால் ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கி வைத்தாலும் கேபின் பத்தே நிமிஷத்தில் எங்கள் வீட்டைவிட மோசமாகிவிடும்.

அதனால் நின்ற உடனே அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். முதலில் குனிந்து புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். என்னால் கொஞ்ச நேரம் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. டிரெய்லருக்கு அடியில் நிழல் இருக்கும், ஆனால் தார் அடியிலிருந்து வேக வைக்கும். வரிசை எப்போது நகரும் என்றும் சொல்ல முடியாது, சக்கரத்துக்குப் பக்கத்தில் நாயை விட எனக்கு மனசு வராது. பெரிய மீசை வைத்த டிரைவர்கள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மாமு, உன் கிளீனரு ரொம்ப குள்ளமா கீறாரே!" என்று கத்துவார்கள். இரண்டு வாரத்தில் அவர்களே பிஸ்கட் வாங்கிவர ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கை கொடுத்தது டீக்கடை அக்கா. ராயபுரத்திலிருந்து வருகிறவர். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு புங்க மரத்தடியில் தள்ளுவண்டி. துறைமுகத்துக்குள் நாயை விட மாட்டார்கள்; கேட்டில் கேபினில் ஏறிப் பார்ப்பார்கள். நான் உள்ளே போய் கண்டெய்னரை இறக்கிவிட்டு வரும் வரை பாப்பா அக்காவிடம் இருக்கும். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் சாக்கை நனைத்துப் போட்டு, "வாடி என் ராஜாத்தி, வந்து படு" என்பார். அந்த ஈரச் சாக்கில் வயிறு படும்படி அது கவிழ்ந்து படுக்கும். டீ குடிக்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் கிளாசை எடுக்க வேண்டும். சித்திரை முழுவதும் இப்படியே ஓடியது. நான் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று நினைவில்லை. இந்த நாட்களில்தான்.

வைகாசியில் ஒரு நாள், அக்காவின் கடை இல்லை. தங்கை மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். இரண்டு நாள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன். மரத்தடிக்கு நாயோடு போய் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அன்று வரிசையும் மளமளவென்று நகர்ந்தது. எனக்கு முன்னால் ஆறே வண்டி. பின்னாலிருந்து ஹாரன். மனைவி வேலையில். யாரிடம் கொடுப்பது?

பக்கத்தில் ஓரம் கட்டியிருந்தது பாயின் வண்டி. தண்டையார்பேட்டைக்காரர், எனக்குப் பத்து வயது மூத்தவர், தாடி பாதி நரைத்தவர். அவருடைய கண்டெய்னருக்குப் பேப்பர் வந்து சேரவில்லை என்று ஒதுங்கி நின்றிருந்தார். எங்கள் வரிசையில் எல்லோரும் மதிக்கிற மனுஷன். ஆனால் பாப்பா பக்கத்தில் வந்தால் நாசூக்காக இரண்டு அடி தள்ளி நிற்பார் என்பதை நான் கவனித்திருந்தேன். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. வேறு வழியும் இல்லை.

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள போயிட்டு ஜல்தியா வந்துடுறேன். இத்த கொஞ்சம் பாத்துக்க முடியுமா?"

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது.

"நான் நாயத் தொட மாட்டேன் நைனா. தொழுகைக்காரன். எச்சி, ஈரம் பட்டா அப்பால பெரிய வேலை."

"தெரியும் பாய். வேணாம்னா…"

"வேணாம்னு எங்க சொன்னேன்? மரத்துல கட்டிட்டுப் போ. நான் தள்ளி குந்திக்கறேன். தண்ணி ஊத்துறேன். தொட மாட்டேன், அவ்ளோதான்."

ஒரு நைலான் கயிற்றில் கட்டினேன். அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் பாயிடம் வேகமாக ஒப்பித்தேன். நாக்கு ரொம்ப வெளியே வந்தால், எச்சில் கோந்து மாதிரி ஆனால், வயிற்றிலும் காலிலும் தண்ணீர், ஐஸ் வேண்டாம். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "போ நைனா, ஹாரன் அடிச்சே சாவடிக்கிறானுங்க" என்றார்.

உள்ளே அன்றைக்கு என்று பார்த்துக் கப்பல் வேலை அதிகம். கிரேனுக்கு முன்னால் மறுபடியும் வரிசை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று போனவன் நான்கு மணி நேரம் நின்றேன். பாயின் நம்பரை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. வருஷக்கணக்காக ரோட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு? வரிசை அடிக்கடி ஊர்ந்ததால் இன்ஜினை நிறுத்தாமல் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் அதன் ரோமம் ஒட்டிய துண்டு கிடந்தது. மணி ஒன்று. மரத்தின் நிழல் இந்நேரம் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்தேன். காலையில் கட்டிய இடத்தில் மத்தியானம் நிழல் இருக்காது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கயிறும் ரொம்ப நீளமில்லை. ஏசியை அணைத்துவிட்டேன். அது ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளிர் காற்று முகத்தில் படுவதே பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது மூன்றாகப் போகிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பாயும் இல்லை. அவர் வண்டி மட்டும் பூட்டியபடி நின்றது.

"பாய்! பாய்!" என்று கத்தினேன். அந்த வண்டி இந்த வண்டி என்று அடியில் குனிந்து பார்த்தேன். பஞ்சர் கடைக்காரர்தான் எழுந்து வந்து, எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். "நாய்க்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுபா. வே பிரிட்ஜாண்ட தூக்கினு போனாரு பாயி."

லாரிகளை எடை போடும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு தளம் போட்ட அறை உண்டு. கதவு திறந்திருந்தது. உள்ளே சிமென்ட் தரையில் பாப்பா பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன் முகத்துக்கு நேராக ஒரு ஸ்டாண்ட் ஃபேன். பாய் அதன் பக்கத்தில் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மக்கில் தண்ணீர் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றில் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய லுங்கி தொடை வரை நனைந்து, நாய் ரோமம் அப்பியிருந்தது. சட்டை மார்பில் எச்சில் கறை.

பாப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நாக்கு ரோஸ் கலரில் இருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நிழலு நவுந்துகினே இருந்துச்சு நைனா" என்றார் பாய். "கயித்த அவுத்து இந்தாண்ட இழுத்தேன், கொஞ்ச தூரம் வந்துச்சு. அப்பால படுத்துக்கிச்சு. கூப்புட்டா எயுந்துக்கல. நீ சொன்னாப்புல எச்சி கோந்து மாதிரி ஆயிடுச்சு. தூக்கிட்டேன்."

"பாய்…"

"தாவாக்கட்டைய என் தோள்ல வெச்சுக்கிச்சுபா. கொயந்த மாதிரி." அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாகச் சிரிப்பு வந்தது. "இவரு கிட்ட கெஞ்சிதான் ஃபேன் வாங்கினேன்."

எடை போடும் அறைக்காரர் ஒரு ஓரமாக நின்றபடி, "கெஞ்சல்லாம் இல்லண்ணே, கதவ ஒதைக்காத கொறை" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கயிற்றைக் குட்டையாகக் கட்டியதற்கு, நேரமானதற்கு, எல்லாவற்றுக்கும் மேல் அவரைத் தொட வைத்ததற்கு. பாய் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு? கழுவிக்கினா போச்சு. ஏழு தபா கழுவணும், அதுல ஒரு தபா மண்ணு போட்டு. நீ வா, தண்ணி ஊத்து. அசர் தொழுகைக்கு டைம் ஆவுது."

வெளியே குழாயடியில் வாளியை நிரப்பினேன். அவர் குனிந்து மரத்தடியில் சுத்தமான இடமாகப் பார்த்து மண்ணை எடுத்து, தண்ணீரில் குழைத்து, முழங்கை வரையும் கழுத்திலும் தேய்த்தார். நான் மக்கால் ஊற்றினேன். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டார், நானும் எண்ணினேன். ஏழாவது முறை முடிந்ததும் மக்கைக் கீழே வைத்தேன். பிறகு தன் வண்டியில் ஏறி, தொழுகைக்கென்று தனியாக மடித்து வைத்திருந்த வெள்ளை லுங்கியையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு இறங்கினார்.

பாப்பாவை நேராக டாக்டரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் தணித்துவிட்டீர்கள் என்றார். நான் இல்லை, வேறொருவர் என்றேன்.

வீட்டில் மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தாலும் கண்டுபிடித்திருப்பாள். "நியலு எங்க சாயும்னு தெரியாதா உனுக்கு? இத்தினி வருசம் இன்னா ரோட்ல நின்ன?" என்று ஆரம்பித்தவள், பாய் விஷயம் வந்ததும் சத்தம் குறைந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் கடையிலிருந்து இரண்டு புது லுங்கி எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். பாய் முதலில் வாங்க மறுத்தார். "என் தங்கச்சி குடுத்ததுன்னா வாங்கிக்கறேன்" என்று அப்புறம் வாங்கிக்கொண்டார்.

பாப்பா பிழைத்து வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் கீழ் வீட்டம்மா மேலே வந்தார். தனியாக இருக்கிறவர், அதிகம் பேசாதவர். நாங்கள் நாய் வளர்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே இரண்டு பேரும் நினைத்திருந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "என் வூடு தளம் போட்டது, ஜில்லுனு கீது. நாள் பூரா நான் ஒண்டியாத்தான் குந்திகினு கீறேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார்.

ஊரெல்லாம் நாயைத் தூக்கிக்கொண்டு சுற்றினேனே தவிர, பன்னிரண்டு படி இறங்கிக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வெயில் ஆரம்பித்ததும், காலை எட்டு மணிக்குப் பாப்பா கீழே இறங்கிப் போய்விடும். நாங்கள் கூப்பிட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, தானே போகும். கீழ் வீட்டம்மா தரையைத் துடைத்து ஈரமாக வைத்திருப்பார். மத்தியானம் இரண்டு பேரும் டிவி பார்ப்பார்கள். வாக்கிங் என்றால் விடிகாலை, இல்லையென்றால் கடல் காற்று வந்த பிறகு, அதுவும் தெருமுனை வரைதான். பாதித் தெருவில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டு வருவேன். அதற்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான்.

வரிசையில் நிற்கும்போது பாய் தினமும் கேட்பார், "பாப்பா எப்டி கீது?" என்று. "கீது பாய், நல்லா துன்னுது" என்பேன். மழைக்காலத்தில் சில நாள் அதை வண்டியில் ஏற்றி வருவேன். அன்றைக்கு மட்டும் பாய் தன் கேபினிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்குவார். இரண்டு அடி தள்ளி நின்று, ஒவ்வொன்றாகப் போடுவார். அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் பக்கம் நெருங்கும். "அங்கயே நில்லு தாயி, நேத்துதான் லுங்கி தொவைச்சேன்" என்று பின்வாங்கி நகர்ந்துகொண்டே, பாக்கெட் தீரும் வரை போடுவார்.